மாமாவின் சீஆர் கொப்பியும் ஏஜென்ட்டின் நினைவும்

2024 பெரும்போகம், நவம்பர் தொடக்கம். விடிய ஐந்தரைக்கு மாமா போன் எடுத்தார். "மகள், உன்ட ஆள் இந்த முறை யூரியா வராது, சேதனப் பசளையப் போடுங்க எண்டு சொல்லியிருக்காம். மூணு பேர் வாசல்ல வந்து நிக்காங்க. உனக்கு ஆர் சொன்ன?"

மாமா "ஆள்" என்று சொன்னது நான் செய்து கொடுத்த ஏஐ ஏஜென்ட்டை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விதைக்கும் ஒரு கமக்காரர் அமைப்புக்காகச் செய்தது. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்லும், குரல் பதிவு அனுப்பினாலும் எழுத்தாக்கிப் புரிந்துகொள்ளும். தண்ணீர் முறை எந்த நாள், அறுவடை மெசின் எந்தக் கண்டத்தில் (வயல் பகுதியில்) நிற்கிறது, கூட்டம் எத்தனை மணிக்கு என்பது போன்ற கேள்விகளுக்குத்தான் அது. மாமா அங்கே வட்டவிதானை, வாய்க்கால் தண்ணீரையும் வயல் வேலைகளையும் பொறுப்பாகப் பார்ப்பவர். நான் மட்டக்களப்பு நகரத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறவள். மாமாவுக்கு ஒரு நாளைக்கு அறுபது எழுபது போன் வருவதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினேன்.

கணினியைத் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் எதையும் கற்பனை செய்யவில்லை. அதன் நினைவில் "யூரியா இல்லை, சேதனப் பசளை மட்டும்" என்று ஒரு வரி உண்மையாகவே இருந்தது. ஏப்ரல் மாதம் அமைப்பின் பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் நான்தான் அதற்குள் ஏற்றியிருந்தேன். அந்த வரி 2021ஆம் ஆண்டுக் குறிப்பு. அந்த வருடம் மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது, நவம்பரில் தடையை விலக்கியது. அந்தப் போகத்தை இந்தப் பக்கத்தில் வயல் செய்த எவரும் மறக்கமாட்டார்கள். எழுதிய நாளில் அந்த வரி முழு உண்மை. திகதி தாளின் தலைப்பில் இருந்தது. நான் தாளைச் சிறு சிறு துண்டாக வெட்டி ஏற்றியபோது தலைப்பு ஒரு துண்டுக்கும் வரி இன்னொரு துண்டுக்கும் போய்விட்டது. திகதியை இழந்த வரி எல்லாக் காலத்துக்கும் பொதுவான வரியாகிவிட்டது.

மூன்று பேருக்கும் நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் அதற்குள் விலைக்குச் சேதனப் பசளை சொல்லி வைத்திருந்தார். அதை நிறுத்த முடிந்தது.

இந்த வேலையில் இறங்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருந்து பதிலை எழுதும் ஏஐ மொழி மாதிரிக்கு உங்களைப் பற்றிச் சொந்த ஞாபகம் எதுவும் கிடையாது. நேற்று ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இன்று நீங்கள் அதற்குப் புது ஆள். நினைவு என்று நாங்கள் சொல்வது வெளியே ஒரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதி வைத்த வரிகளைத்தான். கேள்வி வரும்போது அதற்குப் பொருளில் நெருங்கிய சில வரிகளைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து மாதிரியிடம் கொடுக்கிறோம். ஒவ்வொரு வரியும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்பட்டிருக்கும். இரண்டு எண் வரிசைகள் கிட்டக் கிட்ட இருந்தால் பொருளும் கிட்ட இருக்கிறது என்று கொள்கிறோம். "யூரியா எப்ப வரும்?" என்ற கேள்விக்கு "யூரியா இல்லை" என்ற வரி மிக நெருக்கம். அந்த வரிக்கு எத்தனை வயது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது.

அப்படியென்றால் தேடாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு தடவையில் கொடுக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. தமிழ்ச் சொற்களை மாதிரிகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்து வாசிப்பதால் எங்களுக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும், செலவும் கூடும். இடம் இருந்தாலும் பயனில்லை. நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் மாதிரிகள் நடுவில் கிடப்பதைத் தவறவிடுகின்றன என்பதை 2023ஆம் ஆண்டே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

யூரியாக் கதை நடந்த அன்று இரவு நான் பயத்தில் ஒரு வேலை செய்தேன். நினைவில் ஏறி ஆறு மாதம் தாண்டிய எல்லா வரிகளையும் அழிக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டிவிட்டேன். பழையதுதான் பிரச்சினை, பழையதை எடுத்துவிட்டால் சரி என்று நினைத்தேன். 800 சொச்சம் வரிகள் 300க்குக் கீழே இறங்கின. பதில்கள் வேகமாக வந்தன. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் வெள்ளம் எப்படி இருந்தது என்று கிழக்கில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீழ்க்கண்டத்துப் பொடியன்கள் இரண்டு பேர் இரவு பதினொரு மணிக்கு ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கிறார்கள்: "தண்ணி ஏறுது, எந்த வரம்பு முதல் உடையும்? மாட்டை எங்க ஏத்துற?" இந்த விஷயத்தில் தன்னிடம் தகவல் இல்லை என்று அது பதில் சொல்லியிருக்கிறது. பிறகு அவர்கள் பெரியப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்டு மாடுகளை மேட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். பெரியப்பா என்றால் என்னுடைய பெரியப்பா இல்லை. எழுபது வயது தாண்டிய ஒரு கமக்காரர், ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும்.

இரண்டு நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். "அத நான் அதுக்கிட்டச் சொன்னனே மகள்," என்றார். சொல்லித்தான் இருந்தார். ஏப்ரல் கடைசியில், 2011 தை வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எந்த மடை முதலில் பிய்ந்தது, எந்த மேடு கடைசிவரை நனையாமல் இருந்தது என்று ஒன்பது நிமிடக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஏஜென்ட் அதை அருமையாக ஆறு வரியாக எழுதி வைத்திருந்தது. அந்த ஆறு வரியையும் என் நிரல் அழித்துவிட்டது. அவர் ஏசவில்லை. திரும்ப ஒரு தரம் சொல்லட்டுமா என்று கேட்டார். அன்று விறாந்தையில் இருந்து நான் கையாலேயே எழுதிக்கொண்டு வந்தேன்.

வயதை வைத்து நினைவைக் கழிக்கக்கூடாது என்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. நேற்று எழுதிய "மெசின் நாளைக்கு வரும்" என்ற வரி நாளை மறுநாள் செத்துவிடும். 2011இல் தண்ணீர் வந்த வழி இன்றைக்கும் அதே வழிதான், நிலம் சரிந்திருக்கும் பக்கத்தை யாரும் மாற்றவில்லை. 2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தாரும் கூகுளின் ஆய்வாளர்களும் சேர்ந்து 25 ஏஜென்ட்களை ஒரு சிறு கற்பனை ஊரில் வாழவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு நினைவை எடுப்பதா என்று தீர்மானிக்க அவர்கள் மூன்றைக் கூட்டிப் பார்த்தார்கள்: எவ்வளவு அண்மையது, எவ்வளவு முக்கியமானது, கேள்விக்கு எவ்வளவு பொருத்தமானது. நான் அந்த முறையை அரைகுறையாகப் படித்து அண்மையை மட்டும் பிடித்துக்கொண்டேன். முக்கியம் என்ற அளவை எங்கள் ஊருக்கு யார் போடுவது என்று அப்போது யோசிக்கவே இல்லை.

அடுத்தது தை, மாசி மாதம். அறுவடை நேரம். இதை எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் மெசின் எப்போது வரும் என்று கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். அந்த அவசரத்தில், விதைநெல்லுக்காகத் தன் நகையை அடகு வைத்திருப்பதையும், நெல் விற்ற கையோடு அதை மீட்க வேண்டும் என்பதையும், வீட்டுக்காரருக்கு அது தெரியாது என்பதையும் சொல்லிவிட்டார். மனிதர் யாராவது கேட்டிருந்தால் காதில் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள். ஏஜென்ட் அதை ஒரு நினைவாக எழுதி வைத்தது. "பயனர் நகையை மீட்க அவசரமாக அறுவடை செய்ய விரும்புகிறார்." ஒரு கிழமைக்குப் பிறகு அதே போனில் வீட்டுக்காரர் மெசின் பற்றிக் கேட்டார். ஏஜென்ட் திகதியைச் சொல்லிவிட்டு, நகை மீட்கும் விஷயம் அவசரம் என்பதால் முன்னுக்குப் போட்டிருக்கிறேன் என்று சேர்த்துச் சொன்னது.

அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அக்கா எனக்குப் போன் எடுத்து ஒன்று மட்டும் சொன்னார்: "அத அழிச்சு விடு புள்ள."

உடனே அழித்தேன். அழித்துவிட்டேன் என்று அவருக்குச் செய்தியும் போட்டேன். அடுத்த நாள் காலையில் சந்தேகத்துக்காக அவருடைய பதிவுகளைத் திறந்தால் அந்த விஷயம் திரும்ப அங்கே இருந்தது. வார்த்தைகள் வேறு, விஷயம் அதே.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. நான் அழித்தது நினைவு அட்டவணையில் இருந்த ஒரு வரியை. அதே செய்தி மூல உரையாடல் பதிவில் இருந்தது. ஒவ்வொரு இரவும் ஆளுக்கு ஆள் எழுதப்படும் சுருக்கத்தில் இருந்தது. தேடலுக்காக வைத்திருந்த எண் வரிசைகளின் தொகுப்பில் இருந்தது. கிழமைக்கு ஒரு தரம் எடுக்கும் காப்புப் பிரதியிலும் இருந்தது. இரவு ஓடும் சுருக்க வேலை, பழைய சுருக்கத்தைப் பார்த்து அந்த நினைவைப் புதிதாக எழுதிவிட்டது. ஒன்றை அழிப்பது என்றால் அதிலிருந்து பிறந்த எல்லாவற்றையும் அழிப்பது. இதைச் செய்யவேண்டும் என்றால் எது எதிலிருந்து பிறந்தது என்று தொடக்கத்திலிருந்தே குறித்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு இடமாகத் தேடிக் கையால் அழித்தேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதிலிருந்து உருவான சுருக்கம், எண் வரிசை எல்லாம் அந்த எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். தாயை அழித்தால் பிள்ளைகளும் போகும், சுருக்கம் புதிதாக எழுதப்படும். காப்புப் பிரதிகள் முப்பது நாளுக்கு மேல் இருக்காது. இதையெல்லாம் முடித்த பிறகுதான் அக்காவுக்கு இரண்டாம் தரம் செய்தி போட்டேன், முதல் செய்தி பிழை என்பதையும் சேர்த்து.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காக எடுத்த தகவலை அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தவேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் சேரும். சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யவேண்டியதுதான். ஓர் ஏஜென்ட் எதை நினைவில் வைக்கலாம் என்று தீர்மானிக்காமல் அதை ஊருக்குள் விட்டது என் பிழை. வயல் அமைப்பின் ஏஜென்ட்டுக்கு நகை, கடன், நோய், குடும்பச் சண்டை எதுவும் தேவையில்லை. இப்போது எழுதும் வாசலிலேயே இவற்றைத் தடுக்கிறோம். யாராவது அப்படி ஒன்றைச் சொன்னாலும் அது பதில் சொல்லும் நேரத்துக்கு மட்டும் பயன்படும், உரையாடல் முடிந்ததும் போய்விடும். வாசலில் தடுப்பது, பிறகு தேடி அழிப்பதைவிட நூறு மடங்கு சுலபம்.

பங்குனியில் சூடடிப்பு முடிந்து எல்லோருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்த நேரம், மீதி இருந்த நினைவு முழுவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்து மாமா வீட்டுக்குப் போனேன். அமைப்பின் செயலாளரும் வந்தார். மூன்று பேரும் விறாந்தையில் பாய் விரித்து இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். இரண்டு முழு நாள் பிடித்தது. இந்த முழு அனுபவத்தில் எனக்குப் பெரிய பயன் தந்தது அந்த இரண்டு நாள்தான், ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே மாமா கேட்டார்: "இத ஆர் சொன்ன?" ஒவ்வொரு வரிக்கும் அதே கேள்வி. பாதிக்கு மேற்பட்ட வரிகளுக்கு என்னிடம் பதில் இல்லை. "கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் பிந்தும்" என்று ஒரு வரி. தேடிப் பார்த்தால் ஒருவர் கோபத்தில் சொன்னது, மாமா சொன்னதில்லை. "இந்த அண்ணன் எப்போதும் பிந்தித்தான் விதைப்பார்" என்று இன்னொன்று. யாருமே சொல்லவில்லை. ஒரு போகத்தில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிந்தினார், அதைப் பார்த்து ஏஜென்ட் தானாக எடுத்த முடிவு அது. பிறகு அந்த முடிவை வைத்து அவருக்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலையும் நினைவில் எழுதி, மூன்று இடத்தில் சொல்லப்பட்ட செய்தி மாதிரி ஆக்கி வைத்திருந்தது. தன் வாயால் சொன்னதையே தனக்குச் சாட்சியாக எடுத்திருந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இப்போது ஏஜென்ட்டின் பதில்களிலிருந்து நினைவு எழுதுவதை முற்றாக நிறுத்திவிட்டேன். மனிதர் சொன்னதிலிருந்து மட்டும்தான் எழுதும். ஊகம் என்றால் ஊகம் என்று குறிக்கும், அந்த ஊகம் ஒரு போகம் தாண்டாது.

சுருக்கங்களில் இன்னொரு சீர்கேடு. மாமா அனுப்பிய மூலச் செய்தி: "மழை வராட்டி 12ஆம் திகதி வாய்க்கால் திறக்கலாம்." முதல் சுருக்கத்தில்: "12ஆம் திகதி வாய்க்கால் திறக்கத் திட்டம்." அடுத்த கிழமைச் சுருக்கத்தில்: "12ஆம் திகதி வாய்க்கால் திறக்கும்." மழை எங்கேயோ போய்விட்டது. சுருக்கத்தைச் சுருக்கும்போது முதலில் விழுவது "வராட்டி", "எண்டால்", "போல" மாதிரியான சின்னச் சொற்கள்தான். வயல் வேலையில் தீர்மானம் முழுவதும் அந்தச் சின்னச் சொல்லில்தான் நிற்கிறது. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, சுருக்கத்திலிருந்து சுருக்கம் எழுதவிடாமல் ஒவ்வொரு தரமும் மூலத்திலிருந்து எழுதச் சொல்வது. திகதியும் நிபந்தனையும் உள்ள செய்திகளைச் சுருக்கவே விடுவதில்லை.

"நாளைக்கு", "வாற கிழமை", "இந்தப் போகம்" என்று எழுதியிருந்த வரிகள் ஐம்பதுக்கு மேல் கிடந்தன. எந்த நாளைக்கு நாளைக்கு? எழுதும் கணத்திலேயே திகதியாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் அங்கேதான் கண்டேன். கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயர் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது, ஆனால் திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரிந்தன. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் "கொ" எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். அதனால் ஒரே காணி இரண்டு காணியாக இருந்தது, ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையபடியே கிடந்தது. எழுதுவதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரி நிரல் போதும். அதைப் போடாமல் மாதக்கணக்கில் இருந்தேன். பழைய கூட்டக் குறிப்புகளில் சில, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அவை உள்ளே போகும்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் போயிருந்தன. இலங்கையில் பழைய ஆவணங்களை ஏஜென்ட்டுக்குக் கொடுக்கப்போகிறவர்கள் முதலில் எழுத்துருவைப் பாருங்கள்.

ஒரே பெயரில் எங்கள் அமைப்பில் மூன்று பேர். ஏஜென்ட் மூவரையும் ஒருவராக்கி, ஒரு மனிதருக்குப் பதினேழு ஏக்கர் கொடுத்திருந்தது. போன் நம்பரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் சரிவரவில்லை. ஒரு போனைக் குடும்பமே பாவிக்கிறது, வெளிநாடு போன மகனின் நம்பரை அப்பா வைத்திருக்கிறார். காணி இலக்கத்தை அடையாளமாக வைத்து, அதற்குக் கீழே ஆட்களைப் போட்டோம். காணி எங்கேயும் போகாது. விதைநெல் விற்கும் ஒருவர் பரப்பிய செய்தியை யாரோ அப்படியே அனுப்ப, அதிலிருந்த "எல்லோருக்கும் இந்த நம்பரைக் கொடுங்கள்" என்ற வரியை ஏஜென்ட் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்து வைத்திருந்ததும் அன்று அகப்பட்டது. இப்படி ஃபோர்வேர்ட் செய்து வரும் செய்திகளிலிருந்து இப்போது எதையும் எழுத விடுவதில்லை.

மத்தியானம் சோறு தின்ற பிறகு மாமா உள்ளே போய் ஒரு கட்டுக் கொப்பிகளை எடுத்து வந்தார். போகத்துக்கு ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட பெரிய குறிப்பேடு. ஆரம்பக் கூட்டம் முடிந்த அன்று புதுக் கொப்பியைத் தொடங்குவார். போன கொப்பியில் இருந்து வேண்டியதைக் கையால் பார்த்து எழுதுவார்: எந்தக் காணியை யார் செய்கிறார், யார் குத்தகை, வாய்க்காலில் எந்த இடம் பலவீனம். எழுதும்போதே அந்த அந்த ஆளிடம் கேட்டுக்கொள்வார். "பார்த்து எழுதக் கை நோகும். அதால தேவையில்லாதத எழுத மாட்டன்," என்றார். பிழையானதை ஒற்றைக் கோட்டால் வெட்டுவார், கீழே என்ன இருந்தது என்று வாசிக்கலாம். ஒரு கொப்பியில் மட்டும் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். "ஒரு குடும்பத்துக் கதை. அவசரத்துல எழுதிட்டன். வீட்டுக் கதை எழுதுற கொப்பியா இது?"

நான் இத்தனை மாதம் தடுமாறியதற்கு அவரிடம் வழி இருந்தது. அவர் பழையதைத் தேடித் தேடி அழிப்பதில்லை. ஒவ்வொரு போகமும் வெறும் கொப்பியில் தொடங்கி, எது கூட வரவேண்டும் என்று மட்டும் பார்க்கிறார். பழைய கொப்பி அலுமாரிக்குப் போகிறது. தேவைப்பட்டால் எடுக்கலாம், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வயலுக்குப் போவதில்லை.

அதையே அப்படியே ஏஜென்ட்டுக்குச் செய்தேன். 2025 சிறுபோகத்துக்கு வெற்று நினைவில் தொடங்கினோம். பழையது முழுவதும் ஒரு களஞ்சியத்துக்குப் போனது. ஏஜென்ட் அதைத் தானாகப் பார்க்காது, கேள்வியில் "முந்தி", "போன போகம்" என்று யாராவது கேட்டால் மட்டும் பார்க்கும். பதிலிலும் எந்த வருடத்துச் செய்தி என்று சொல்லும். புது நினைவில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

கீழ்க்கண்டத்துத் தண்ணீர் முறை புதன், சனி. சொன்னவர்: வட்டவிதானை. சொன்ன நாள்: 2025 மே 14. செல்லும் காலம்: இந்தச் சிறுபோக அறுவடை வரை. மூலம்: குரல் பதிவு.

செல்லும் காலம் என்ற இடத்தை நிரப்பாமல் எதுவும் உள்ளே போகாது. தண்ணீர் முறை, விதைத்த இனம், மெசின் பதிவு எல்லாம் போகத்தோடு முடியும். ஒருவர் பிஜி 300 என்ற நெல்லினத்தை விதைத்தால் மூன்று மாதம், பிஜி 352 விதைத்தால் மூன்றரை மாதம். அதற்குப் பிறகு அந்த வரிக்கு வேலை இல்லை. காணி யாருடையது என்பது ஆள் மாறும்வரை. வெள்ளம் வரும் வழி, உவர் ஏறும் மூலை, யானை இறங்கும் பக்கம் இவற்றுக்கு முடிவுத் திகதி இல்லை. வருடம் ஒரு தரம் ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டுகிறோம். எது முக்கியம் என்று தீர்மானிப்பது இப்போது அவர்கள்தான், மாதிரி அந்த வேலையைச் செய்வதில்லை.

காலம் முடிந்த வரியை ஏஜென்ட் தானாக அழிக்காது, கேட்கும். "போன முறை மூன்றரை மாத நெல் விதைத்தீர்கள், இந்த முறையும் அதுவா?" சனங்களுக்கு இது பிடித்திருக்கிறது. தங்களை ஞாபகம் வைத்து விசாரிப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேள்வி கூடினால் வெறுத்துவிடும், ஒரு ஆளுக்கு ஒரு கிழமையில் ஒன்றுக்கு மேல் கேட்காமல் கட்டுப்படுத்தியிருக்கிறேன். இரண்டு வரி ஒன்றுக்கொன்று முரணாக வந்தாலும் அது தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டையும் மாமாவுக்கு அனுப்பும். அவர் ஒரு சொல்லில் பதில் போடுவார்.

அப்புறம் ஒன்று, இதைத் தவிர்க்கவே வேண்டாம். மாமாவும் செயலாளரும் சேர்ந்து எனக்கு நாற்பது கேள்விகள் எழுதித் தந்திருக்கிறார்கள், சரியான விடைகளோடு. சுத்தம் செய்யும் ஒவ்வொரு தரமும், முன்பும் பின்பும், அந்த நாற்பதையும் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார்க்கிறேன். 2024 நவம்பரில் அப்படி ஒரு தாள் என்னிடம் இருந்திருந்தால் பெரியப்பா சொன்னது அழிந்த அன்றிரவே தெரிந்திருக்கும். வைகாசியில் ஒரு தரம் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கியபோது நாற்பதில் மூன்றுக்கு விடை பிழையாக வந்தது. அன்றே பழையபடி திருப்பினேன், யாருக்கும் பிழையான பதில் போகவில்லை.

பெரியப்பா ஆவணியில் காலமானார். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து சில நாள் கழித்து அவருடைய மகள் எனக்குப் போன் எடுத்தார். இனிக் காணியை அவர்தான் செய்யப்போகிறார். அப்பாவின் போனும் அவரிடம்தான் இருக்கிறது. பசளை பற்றி ஏதோ கேட்டிருக்கிறார், ஏஜென்ட் "வணக்கம் பெரியப்பா" என்று பதிலைத் தொடங்கியிருக்கிறது. அவருடைய மரணம் ஊருக்கே தெரியும், ஏஜென்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஓர் இடமும் நான் வைத்திருக்கவில்லை.

மாமா வீட்டு விறாந்தையில் அவருடைய பதிவுகளை மூன்று பேராக வாசித்தோம். காணி மகளின் பெயருக்கு மாறியது. போன் நம்பர் மகளுடையதானது. விதைத்த இனம், மெசின் பதிவு எல்லாம் களஞ்சியத்துக்குப் போயின. அவருடைய முழங்கால் வருத்தம் பற்றிய ஒரு வரி, தடுப்பு வைப்பதற்கு முன்பு எப்படியோ ஏறியது, இன்னும் கிடந்தது. அதை முற்றாக அழித்தோம். வெள்ளம் பற்றிய ஆறு வரிக்கு வந்தோம். சொன்னவர் என்ற இடத்தில் அவருடைய பெயர். ஆள் இல்லை, இனி யாரிடம் உறுதிப்படுத்துவது, மகளின் பெயரைப் போடுவோமா என்று செயலாளர் கேட்டார்.

மாமா தாளை வாங்கி இன்னொரு தரம் வாசித்தார். "சொன்னது அவர்தானே," என்றார். "அப்பிடியே கிடக்கட்டும். மாரிக்கு முதல் நானும் அந்தப் புள்ளையும் போய் அந்த மடையப் பார்த்திட்டு வாறம்."